காணாது ஈதலும் மறைந்து ஈதலும்

ஈகையைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோன் சான்றுகளைத் தேடி அலைய வேண்டுவதில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும், மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனும், நெடுநாள் வாழ்விக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்த அதியமானும் பள்ளிப் பருவந்தொட்டே நமக்கு அறிமுகமானவர்கள். திருவள்ளுவர் ஈகைக்கென ஓர் அதிகாரமும் ஒப்புரவுக்கென ஓர் அதிகாரமும் வகுத்தார். கிறிஸ்தவ மாணவனுக்கோ இவற்றோடு திருமறையும் துணை நிற்கின்றது. கீழ்த்திசைச் சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொணர்ந்து பாலகர் முன் வைத்துப் பணிந்த வரலாற்றை ஆண்டுதோறும் கேட்டு வளர்ந்தவன் அவன். எனவே, கொடுத்தல் நன்று என்பதை மெய்ப்பிக்க யான் இக்கட்டுரையை எழுதவில்லை. அஃது யாவரும் ஒப்பியதே.

யான் கூற விழைவது வேறொன்று. கொடுப்போனைப் பற்றி நூல்கள் விரித்துப் பேசுகின்றன. ஏற்போனைப் பற்றியோ இரக்கத்தோடோ எச்சரிக்கையோடோ சில சொல்லி அமைகின்றன. பிற்காலத்து ஔவையார் ஏற்றல் இழிவென்று சிறுவர்க்குக் கற்பித்தார். இரத்தலின் துன்பத்தை வள்ளுவர் 'இரவச்சம்' என்னும் அதிகாரத்தில் எடுத்துரைத்தார். ஆனால் இக்கல்லூரியிற் பயிலும் நாம் யாவரும் ஏதோ ஒரு வகையில் ஏற்போரே ஆவோம். பிறர் ஈந்த பொருளால் எழுந்த கட்டடத்தில் அமர்கின்றோம். பிறர் தொகுத்து வைத்த நூல்களைப் பயில்கின்றோம். என்னைப் போன்ற சிலர் பிறர் செலுத்தும் கட்டணத்தாலேயே வகுப்பில் இடம்பெற்றிருக்கின்றோம். ஆதலின் எத்தகைய கொடையை மனங் கூசாது ஏற்கலாம், ஏற்றவன் எவ்வாறு ஒழுகல் வேண்டும் என்னும் வினாக்கள் எனக்கு ஏட்டளவில் நிற்பன அல்ல.

இவ்வினாக்களை என்னுள் எழுப்பியது புறநானூற்றின் 208-ஆம் பாட்டு. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் குன்றும் மலையும் பல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். அரசன் என்ன காரணத்தாலோ அவரை நேரிற் காணவில்லை. பரிசிலை மட்டும் கொடுப்பித்து, பெற்றுச் செல்க என்று சொல்லி விடுத்தான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். என்னைக் காணாத அரசன் என் தகுதியை எங்ஙனம் அறிந்தான் என்று வினவினார். முகங்காணாது தந்த பொருளைக் கொண்டுசெல்லத் தாம் பாட்டை விலைபேசும் வணிகர் அல்லர் என்றார். தம் அளவறிந்து விரும்பி அளிப்பாராயின் அது தினையளவே ஆயினும் தமக்கு இனிது என்னும் கருத்துப்படப் பாடி முடித்தார்.

செல்வர் ஒருவர் இங்ஙனம் மறுத்திருப்பின் வியப்பில்லை. பெருஞ்சித்திரனாரோ வறுமையின் அடித்தளத்தைக் கண்டவர். குமணனைப் பாடிய 160-ஆம் பாட்டில் அவர் தம் இல்லத்தை நமக்குத் திறந்து காட்டுகின்றார். பாலற்ற மார்பைச் சுவைத்து ஏமாந்த சிறுவன், கூழும் சோறும் வேண்டிக் கலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கின்றான். உள்ளே ஒன்றும் இல்லை. அவன் அழுகின்றான். தாய் புலி வருகின்றதென அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் அவனை ஆற்ற முயல்கின்றாள். இத்தகைய பசியை அறிந்த கைகளே அதியமான் விடுத்த பரிசிலை விலக்கின என்பதை எண்ணுந்தோறும் என் உள்ளம் நடுங்குகின்றது.

நடுங்குவதற்குக் காரணம் உண்டு. யான் கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில் என் கட்டணத்தின் பெரும்பகுதி ஒரு நிதியிலிருந்து செலுத்தப்பட்டது. என் தந்தையாரின் ஊதியம் குடும்பத்தார் உணவுக்கே நேராவது. அந்நிதி இல்லையேல் யான் தமிழ்ச் சிறப்பு வகுப்பின் வாயிலை மிதித்திருத்தல் இயலாது. எனக்குக் கிடைத்த தாளில் தொகை இருந்தது, நாள் இருந்தது, ஈந்தவர் பெயர் இல்லை. என்னைக் கண்டறியாத யாரோ ஒருவர் எங்கோ இருந்து கொடுத்த பொருள் என்றே எண்ணினேன். 208-ஆம் பாட்டை வகுப்பிற் படித்த அன்று, அப்புலவர் என் எதிரே நின்று, நீ மட்டும் இதனை எங்ஙனம் ஏற்றாய் என்று கேட்பது போலிருந்தது. மறுத்தற்கு எனக்கு ஆற்றலில்லை. மறுத்தல் நன்றென்றும் தோன்றவில்லை. ஆயினும் அக்கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை.

புலவரின் அக்குரலை நம் திருநெல்வேலிச் சீமையில் தோன்றிய பெரியார் ஒருவர் கிறிஸ்தவ உலகின் நடுவில் நின்று மீண்டும் எழுப்பினார். 1874-ஆம் ஆண்டு வெள்ளாளன்விளையிற் பிறந்து, 1912-ஆம் ஆண்டில் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற அசரியா அவர்களே அவர். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அத்தியட்சர் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1910-ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. பெரும்பாலும் மேலைநாட்டினரே நிறைந்திருந்த அவ்வவையில் முப்பத்தைந்து வயதினராகிய அசரியா பேச எழுந்தார். மிஷனெரிகள் இந்தியர்க்காகச் செய்த தியாகங்களை அவர் மறுக்கவில்லை, நன்றியோடு நினைவுகூர்ந்தார். பொருளை ஈந்தீர்கள், உடலையும் ஈந்தீர்கள், அவற்றோடு நட்பையும் ஈயுங்கள் என்பதே அவர் விண்ணப்பத்தின் சாரம். கொடுப்போனும் ஏற்போனும் ஒரே பந்தியில் அமராத கொடை நிறைவுடையது அன்று என அவர் உணர்ந்திருந்தார். அவரே பிற்காலத்தில் ஏழை எளியோரான தோர்ணக்கல் சபையார்க்குக் கொடுத்தலைக் கற்பித்து, கிறிஸ்தவ ஈகை பற்றி ஒரு நூலும் இயற்றினார். ஏற்போரை என்றும் ஏற்போராகவே வைத்திருத்தல் அன்பாகாது என்பது அவர் கண்ட உண்மை.

இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில், வலக்கை செய்வதை இடக்கையும் அறியாவண்ணம் தர்மம் செய்யுமாறு பணித்தார். தெருவிலும் ஆலயத்திலும் எக்காளம் ஊதிக் கொடுப்போரைக் கண்டித்தார். கொடுப்போன் முகம் மறைந்திருத்தல் வேண்டும் என்று ஆண்டவர் கூற, முகங்காணாக் கொடை வேண்டா என்று புலவர் கூறுகின்றார். தமிழ் மாணவனாகவும் கிறிஸ்தவனாகவும் இருப்பவன் இவ்விருவரில் யாரைப் பின்பற்றுவது?

இவ்வையத்தை எனக்கு நீக்கியது மீறாப் பட்டணத்து அத்தியட்சராகிய நிக்கொலாவைப் பற்றி வழங்கிவரும் பழங்கதை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் ஊரில் வறுமையுற்ற ஒருவனுக்கு மூன்று புதல்வியர் இருந்தனர். மணமுடிக்கப் பொருளின்மையால் அவர்கள் இழிந்த வாழ்க்கைக்குத் தள்ளப்படும் நிலை நெருங்கியது. நிக்கொலா இரவில் எவரும் அறியாவாறு அவ்வீட்டுச் சாளரத்தின் வழியே பொன்முடிப்பை எறிந்தார். முதற் புதல்வியின் மணம் நிகழ்ந்தது. பின்னும் இருமுறை அங்ஙனமே செய்தார். மூன்றாம் முறை அத்தந்தை விழித்திருந்து அவரைக் கண்டுகொள்ள, இதனை எவரிடமும் கூறற்க என்று அவர் வேண்டிக்கொண்டாராம். இன்று கடைத்தெருக்களிற் செவ்வாடை புனைந்து நிற்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலம் இப்பெரியாரே.

இக்கதையில் நிக்கொலா தம் முகத்தை மறைத்தார். அவ்வீட்டாரின் முகத்தை மறந்தார் அல்லர். எந்த வீடு, எத்தனை புதல்வியர், என்ன குறை, எப்பொழுது உதவி வேண்டும் என யாவும் அறிந்திருந்தார். அவர் இருளைத் தேடியது தம் புகழைத் துறத்தற்கும் அவ்வீட்டார் மானத்தைக் காத்தற்குமேயாம். அதியமான் செயலோ இதற்கு மறுதலையானது. அவனுடைய பெயர் புலவர்க்குத் தெரியும். புலவருடைய முகமே அவனுக்குத் தெரியாது. எனவே மறைந்து ஈதல் வேறு, காணாது ஈதல் வேறு. மறைந்து ஈவோன் தன்னை மறைக்கின்றான். காணாது ஈவோன் பிறனை மறைக்கின்றான். ஆண்டவர் பணித்தது முன்னையது. புலவர் விலக்கியது பின்னையது. இருவர் கூற்றுக்கும் முரணில்லை.

திருமறையிற் காணும் கொடைகளுள் உள்ளத்தை உருக்குவன பலவும் இவ்வறிவிற் பிறந்தனவே. அன்னாள் தன் மகன் சாமுவேலைச் சீலோவில் தேவாலயப் பணிக்கு விட்டபின், ஆண்டுதோறும் பலியிட வரும்போது அவனுக்குச் சிறிய சட்டை ஒன்று தைத்துக் கொணர்ந்தாள் என்று முதலாம் சாமுவேலின் புத்தகம் கூறுகின்றது. ஓராண்டாகக் காணாத மகன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அத்தாய் மனத்தால் அளந்தன்றோ துணியை வெட்டியிருப்பாள்! பெத்தானியாவில் மரியாள் ஊற்றிய தைலம் முந்நூறு பணம் பெறுமென்று கணக்கிட்டான் யூதாஸ். ஒரு பணம் ஒரு நாட்கூலியாதலின் அஃது ஏறத்தாழ ஓராண்டு உழைப்பின் விலை. அவன் விலையை அறிந்தான்; மரியாளோ தன்முன் அமர்ந்திருந்தவர் சாவை நோக்கிச் செல்கின்றார் என்பதை அறிந்தவள்போற் செய்தாள். யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டு அவள் செய்து தந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காட்டினர். அவளைப் புகழ அவர்கள் சொற்களைத் தேடவில்லை. ஆடைகளை எடுத்துக் காட்டினர்.

இத்தகைய கொடை ஒன்று எனக்கும் கிடைத்தது. யான் கல்லூரிக்குப் புறப்பட்ட நாளில், எங்கள் தெருவில் தனித்து வாழும் முதியவர் ஒருவர், தாமே முடைந்த சிறிய ஓலைக்கொட்டானில் சில்லுக்கருப்பட்டி நிறைத்துக் கொணர்ந்தார். பனங்கருப்பட்டியிற் சுக்குச் சேர்த்துக் காய்ச்சிய அது எங்கள் பக்கத்தில் அரும்பொருள் அன்று. "மழைக்காலத்தில் உனக்குத் தொண்டை கட்டுமே ஐயா, வாயில் அடக்கிக்கொள்" என்றார் அப்பாட்டியார். ஆலயப் பாடகர் குழுவில் யான் பாடிய ஆண்டுகளில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் என் குரல் கம்முவதை அவர் பின்வரிசையில் இருந்து கேட்டிருக்கின்றார். என் வீட்டாரும் மறந்திருந்த ஒன்றை அவர் நினைவில் வைத்திருந்தார். விடுதிக்கு வந்தபின் உறவினர் சிலர் கைப்பேசியின் வழியே பணம் அனுப்பினர். அதுவும் அன்பே, அதுவும் தேவைப்பட்டதே. எனினும், என் குரலை அறிந்து வந்தது அக்கொட்டான் ஒன்றே.

இனி, என் கட்டணம் பற்றிய வினாவுக்கு வருகின்றேன். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஊருக்குச் சென்றிருந்தபோது, நிதியை ஈந்தவர்க்கு நன்றி கூறி மடல் எழுத விரும்புகின்றேன், யாருக்கு முகவரியிடுவது என்று எங்கள் சபைக் குருவானவரைக் கேட்டேன். "ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பின்பக்கம் வா தம்பி" என்றார். சென்றேன்.

எங்கள் பக்கத்துச் சபைகளிற் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்றொரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெண்கள் உலையிலிட அரிசியை அளக்கும்போதே அதனின்று ஒரு கைப்பிடி அள்ளித் தனிக்கலத்தில் இடுவர். உண்டு எஞ்சியதை எடுப்பதன்று, உண்ணுமுன் எடுப்பது. சாறிபாத் ஊர் விதவை தன் கடைசிப் பிடி மாவிலே முதலில் எலியாவுக்கு அடை செய்ததை ஒத்தது இது. அளவு குறைந்த நாளிலும் அக்கைப்பிடி தவறுவதில்லை என்பதை என் தாயாரிடமே யான் கண்டிருக்கின்றேன். சேர்ந்த அரிசியை ஆலயத்திற் கொணர்ந்து சேர்ப்பர். அதனை விற்று வரும் பணமும், அறுப்பின் பண்டிகையில் வாழைக்குலையும் பூசணியும் கோழிமுட்டையும் ஏலத்திற் போய் வரும் பணமும் சபையின் அறப்பணிகளுக்குச் செல்லும்.

அன்று ஆலயத்தின் பின்பக்கத்தில் ஒரு பெரிய சாக்கு விரித்து வைக்கப்பட்டிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து தத்தம் பைகளையும் ஓலைப்பெட்டிகளையும் அதிற் கவிழ்த்துச் சென்றனர். புழுங்கலும் பச்சையும், நியாயவிலைக் கடை அரிசியும் விலையுயர்ந்த அரிசியும் ஒன்றாய்க் கலந்தன. கலந்தபின் எது எவருடையதென்று பிரித்தறிய எவராலும் இயலாது. சில்லுக்கருப்பட்டி தந்த பாட்டியாரும் அவ்வரிசையில் நின்றார். என்னைக் கண்டு முறுவலித்தார். அரிசியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. "மடலை இதற்கு எழுது" என்று குருவானவர் சாக்கைச் சுட்டினார். அப்பணமே நிதியின் வழியாக என் கட்டணமாகியிருந்தது.

பெருஞ்சித்திரனார் கேட்ட வினாவுக்கு விடை எனக்கு அங்கே கிடைத்தது. என்னைக் காணாதவர் தந்த பொருள் அன்று அது. ஓய்வுநாட் பள்ளியில் யான் மனப்பாடம் ஒப்புவித்ததைக் கேட்டவர்களும், என் தந்தையார் வேலையின்றி இருந்த நாட்களை அறிந்தவர்களும், என் பெயர் சொல்லி மன்றாடியவர்களும் ஈந்த பொருள். அவர்கள் தம் முகத்தை அரிசியிற் கலந்து மறைத்தார்கள். என் முகத்தையோ நன்கு அறிந்திருந்தார்கள். அளவில் அக்கைப்பிடி புலவர் கூறிய தினையினும் மிகப் பெரிதன்று. அளவறிந்து அன்போடு அளித்தது ஆதலின் அதனை ஏற்பதில் எனக்குக் கூச்சம் எழவில்லை.

அங்ஙனமாயின், முன்பின் அறியாதார்க்குக் கொடுத்தல் தகாதோ என்று சிலர் வினவலாம். புயலும் வெள்ளமும் வந்துழி அறிமுகம் பெற்றபின் கொடுப்போம் என்று காத்திருத்தல் கொடுமையாகும். மக்கதோனியா, அகாயா நாட்டுச் சபையார் தாம் கண்டிராத எருசலேமின் ஏழைகளுக்குப் பொருள் திரட்டினர். ஆனால் பவுல் அப்பொருளை வெறும் பொருளாக விடுத்தாரல்லர். சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரை உடனழைத்து, தமக்கு அங்கே இடர் நேருமென்று அறிந்தும், தாமே எருசலேமுக்குச் சென்றார். பிலிப்பி சபையார் சிறையிலிருந்த பவுலுக்கு உதவி விடுத்தபோது அதனைக் கொணர்ந்த எப்பாப்பிரோதீத்து நோயுற்றுச் சாவை நெருங்கினான். தூரத்துக் கொடைக்கும் முகம் உண்டாக்கல் இயலும் என்பதற்கு இவை சான்று.

ஏற்போன் கடமை யாது? நம் ஆண்டவரே ஏற்றலுக்கு இலக்கணமாக விளங்குகின்றார். சமாரியப் பெண்ணோடு அவர் பேச்சைத் தொடங்கியது ஒன்றைக் கொடுத்து அன்று, தண்ணீர் கேட்டு. சீமோனின் படகையும், பிறர் கழுதையையும், பிறர் மேல்வீட்டறையையும் பெற்றுக்கொண்டார். யோவன்னாளும் சூசன்னாளும் பிற பெண்களும் தம் பொருளால் அவருக்கு ஊழியம் செய்தனர். இறுதியில் அவர் உடலைக் கிடத்தியதும் அரிமத்தியா ஊர் யோசேப்பின் கல்லறையிலேயாம். விண்ணை ஆளும் வேந்தர் ஏற்பதற்கு நாணவில்லை. நாணியவன் பேதுரு. கால் கழுவ வந்த ஆண்டவரை அவன் தடுத்தான். ஏற்க மறுப்பவனுக்குத் தம்மோடு பங்கில்லை என்று அவர் உணர்த்தினார். ஏற்க மறுத்தலிலும் செருக்கு மறைந்திருத்தல் கூடும்.

அதியமான் பரிசிலை மறுத்த பெருஞ்சித்திரனாரே குமணனிடம் பரிசில் ஏற்றார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பெருஞ்செல்வத்தோடு வீடு திரும்பியவர் தம் மனைவியிடம் கூறியதை 163-ஆம் பாட்டு நமக்கு வைத்திருக்கின்றது. உன்னை விரும்புவார்க்கும் நீ விரும்புவார்க்கும், முன்பு கடன் தந்து உதவினார்க்கும், இன்னார் என்று பாராது யார்க்கும் கொடு. என்னைக் கேட்கவும் வேண்டா. வளமாக வாழ்வோம் என்று சேர்த்து வைக்கவும் வேண்டா என்பது அதன் கருத்து. நேற்றுவரை வெறுங்கலம் இருந்த வீடு அது! முகமறிந்து ஈந்த கொடை ஏற்றவனையும் ஈவோனாக மாற்றிவிட்டது. இதனினும் சிறந்த கைம்மாறு வேறில்லை.

கிறிஸ்து பிறப்பை நாம் கொண்டாடுவதன் பொருளும் இதுவே. கடவுள் தம் கொடையைப் பிறர் கையிற் கொடுத்து, பெற்றுச் செல்க என்று விடுத்தாரல்லர். தாமே வந்தார்; நம்மிடையே உண்டார்; நம் பசியையும் களைப்பையும் சாவையும் அறிந்தார். ஆனால் மாட்டுத் தொழுவின் எளிமையில் தம் மாட்சியை மறைத்துக்கொண்டார். மறைந்து வந்து நம்மைக் கண்டு ஈந்த கொடை அது.

ஆதலின் நண்பர்களே, திருநாட் காலத்தில் ஒருவர்க்கு ஒன்று கொடுக்குமுன், இதன் விலை என்ன என்று கேட்பதை விட்டு, இவரைப் பற்றி யான் அறிந்தது என்ன என்று நம்மையே கேட்போமாக. பிறர் ஈவதை ஏற்குங்கால், அவர் நம்மை அறிந்த அறிவையும் சேர்த்து ஏற்போமாக. எனக்கு ஈந்த கைகள் இத்தனை என்று யான் அறியேன். ஆயினும் என் ஊரில் இவ்வாண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளைகள் பதினொருவர் என்பதையும், அவர்களுள் எவர்க்கு இலக்கணம் வாராது என்பதையும் அறிவேன். வரும் விடுமுறையில் ஆலயத் திண்ணையில் மாலைதோறும் அவர்களோடு அமர்வதாகக் குருவானவரிடம் கூறியிருக்கின்றேன். அரிசிச் சாக்குக்கு எழுதவேண்டிய மடலை யான் வேறெவ்வாறு எழுதுவது என அறியேன். அறிந்து ஈதலும் நாணாது ஏற்றலும் நம் கல்லூரியில் ஓங்குவனவாக!